நூற்றுக்கு எத்தனை?

கல்யாணமாகி நான் திருச்சிக்கு வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அம்மாள் புதுப் பெண்ணைப் பார்க்க வந்தார். “எந்த ஊரும்மா உனக்கு?” என்றார். “திருநெல்வேலி” என்றேன். அவ்வளவுதான்! “அடி சக்கை! அப்போ அல்வா கிண்டத் தெரியுமே! நாளைக்கே கிண்டு, நான் கோதுமை வாங்கித் தரேன்” என்று உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அல்வா கிண்டத் தெரியாது, சகோதரிகளே. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் தெருவிலேயே யாரும் வீட்டில் அல்வா கிண்டிப் பார்த்ததில்லை. நாலு தெரு தள்ளிப் போனால் சுடச்சுட இலையில் வைத்துத் தருகிற கடை இருக்கும்போது, கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, கை ஒடியக் கிண்டுவதற்கு எங்களுக்கு என்ன தலையெழுத்தா? இதைச் சொன்னேன். அந்த அம்மாள் என் மாமியாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ‘விசாரிக்காமல் எடுத்துவிட்டீர்களே’ என்கிற மாதிரி!

அதற்கப்புறம் நாத்தனார் முறை. “அண்ணி, ‘ஏலே’ன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்” என்று தோழிகளை எல்லாம் கூட்டி வந்து கேட்பாள். எங்கள் வீட்டில் பெண்கள் ‘ஏலே’ என்றால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். வாழ்நாளில் சொல்லாத வார்த்தையைத் திருச்சியில் வந்து சொல்லிச் சொல்லிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது.

இது நடந்தது 2003-ல். இதை எல்லாம் மறக்காமல் வைத்திருக்கிற நானே, 2025 ஆகஸ்டு மாதம், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு அதையே செய்தேன். அதைத்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்.

என் அக்கா லண்டனில் இருக்கிறாள். லண்டன் என்று நாங்கள்தான் சொல்கிறோம். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஏதோ ஓர் ஊர். நமக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தானே! அத்தானுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. அவர்களுக்கு ஒரே பெண். அங்கே பிறந்தவள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட லீவுக்கு இந்த வருஷம் அவளை மட்டும் தனியாக அனுப்பியிருந்தார்கள். நல்ல தமிழ் பேசுவாள், கொஞ்சம் புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கும். “சித்தி, எனக்குத் தாகமாக இருக்கிறது” என்பாள். என் மகனுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போனோம். பாப்பா படியில் நின்று காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோலை கருகமணி, பழம், பூ எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். மஞ்சள் சரடு கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை என்று வயிறு முட்டச் சாப்பிட்டபின், குழந்தைகள் எல்லாம் கூடத்தில் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் என் மகன் அந்தச் சனியனை எடுத்தான். ‘நீங்கள் எத்தனை சதவீதம் இந்தியர்?’ என்று ஒரு வினாடி வினா. பதினாறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு பதில். தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் கொட்டு முழக்கத்தோடு மார்க் வரும்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தத் தேசம் அந்தத் தேசம் என்றில்லை, எல்லா நாட்டுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வந்த கேள்விகளைக் கேளுங்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? (ஊசி நூல் என்றால் நீங்கள் இந்தியர்.) டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுவீர்களா? ஐஸ்கிரீம் டப்பாவில் மாவு வைப்பீர்களா? பேசும்போது தலையை ஆட்டுவீர்களா? காலையில் எழுந்ததும் ‘சாய்’ இல்லாமல் முடியாதா? எந்த ஹிந்திப் படத்தில் இந்த வசனம் வருகிறது? ராக்கி யாருக்குக் கட்டுவீர்கள்? ஹோலிக்கு என்ன செய்வீர்கள்?

நான்தான் கேள்விகளை உரக்கப் படித்தேன். சும்மா படித்திருந்தாலும் பரவாயில்லை. பாப்பா பதில் சொல்லச் சொல்ல, “ஐயோ, இது கூடத் தெரியலையா!” என்று கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே தொட்டேன். அவளுக்கு ஊசி நூல் டப்பா தெரியவில்லை. ஹிந்திப் படம் தெரியவில்லை. அவள் காலையில் குடிப்பது பால். கடைசியில் ‘நீங்கள் 31 சதவீதம் இந்தியர்! பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்!’ என்று ஒரு கோமாளி படத்தோடு வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பாப்பாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், என் முகத்திலேயே. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு. பாப்பா வந்த நாளிலிருந்து ஸ்பூனில்தான் சாப்பிட்டாள், நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டாள். ரசம் சாதத்தைக் கையால் பிசைந்தாள். ரசம் முழங்கை வரை ஒழுகிற்று, கவுனெல்லாம் ஆயிற்று. விடாமல் சாப்பிட்டாள். பச்சை மிளகாயைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர். “வேண்டாம் பாப்பா, எடுத்து வச்சுடு” என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, “சித்தி, இப்போது எத்தனை?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “என்ன எத்தனை?”

“பர்சென்ட்.”

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். நீங்களே சொல்லுங்கள், என்ன பதில் சொல்ல முடியும்?

ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய பள்ளிக்கூடத்திலும் இதே விளையாட்டு நடந்திருக்கிறது. ‘நீ எவ்வளவு பிரிட்டிஷ்?’ என்று. டீக்கு முதலில் பாலா, டிகாக்ஷனா? வரிசையில் எவனாவது முந்தினால் என்ன செய்வாய்? உன் காலை மிதித்தவனிடம் நீயே ‘ஸாரி’ சொல்வாயா? மழையைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை முறை பேசுவாய்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஸ்ட் உண்டா? ரொட்டியில் தடவுகிற மார்மைட் என்கிற கறுப்புக் களிம்பு பிடிக்குமா? இவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் எங்கே இருக்கிறது? சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். 44 வந்திருக்கிறது. போலந்து நாட்டிலிருந்து ஆறு வயதில் வந்த ஒரு சிநேகிதிக்கு 81-ஆம். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற இவளுக்கு 44.

“அங்கே நாற்பத்து நாலு. இங்கே முப்பத்தொன்று. மீதி எங்கே சித்தி?” என்றாள்.

“தூங்கு கண்ணு, காலையில பார்த்துக்கலாம்” என்று சொல்லித் தட்டிக் கொடுத்தேன். அவள் தூங்கிவிட்டாள், எனக்குத் தூக்கம் போயிற்று.

காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அதே பதினாறு கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் தெரியாமல், அடுப்படியில். 56. ஜஸ்ட் பாஸ்! எனக்கு ராக்கி கட்டிப் பழக்கமில்லை, ஹோலி தெரியாது, ஹிந்தி தெரியாது. அப்புறம் என் மாமியாரைக் கூப்பிட்டேன். அவருக்கு வயது 78. உறையூரில் பிறந்து உறையூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். காசிக்குக்கூடப் போனதில்லை. பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “அத்தை, இதுக்குப் பதில் சொல்லுங்க” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“சாய் இல்லாமல் முடியுமா முடியாதா?”

“காப்பின்னு போடு.”

“காப்பின்னு இதுல இல்லை அத்தை.”

“இல்லைன்னா என்ன கேள்வி இது?”

“ஐஸ்கிரீம் டப்பாவிலே என்ன வைப்பீங்க?”

“நான் எதுக்கு ஐஸ்கிரீம் வாங்கறேன்?”

அவருக்கு வந்தது 38. பாப்பாவை விட ஏழே மார்க் அதிகம். பாப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமியார் என்னவென்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், “அதனாலே ரேஷன் கார்டுலே பேரை எடுத்துடுவாங்களாடி?” என்று கேட்டார். “இல்லை அத்தை.” “அப்போ போ, வேலையைப் பாரு” என்று எழுந்து போய்விட்டார்.

அந்தக் கேள்விகளைத் திரும்ப உட்கார்ந்து படித்தபோது எனக்கே கோபம் கோபமாக வந்தது. ஊசி நூல் வைக்கிற அந்த நீல வட்ட டப்பா இருக்கிறதே, அது டென்மார்க் தேசத்து வெண்ணெய் பிஸ்கட் டப்பா! தேயிலையை இங்கே தோட்டம் போட்டு வளர்த்தவன் வெள்ளைக்காரன், அதுவும் 1830-களுக்கு மேல்தான். சாதாரண ஜனங்கள் வீட்டில் டீ போட்டுக் குடிக்க ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டில். பாப்பா கண்ணீரோடு கடித்தாளே பச்சை மிளகாய், அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அவர்கள் உயிரை விடுகிற டீ முதலில் சீனாவிலிருந்து போனது. 2001-ல் அந்த நாட்டு வெளியுறவு மந்திரி ராபின் குக், ‘சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் தேசிய உணவு’ என்றே பேசியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், நான் கை தட்டிச் சிரித்தது உட்பட. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் எழுதின பரீட்சையை நீ மறந்துட்டியா?” என்றாள்.

வேடிக்கைக்கு இல்லாமல் அரசாங்கமே இப்படி ஒரு வினாடி வினா வைத்திருக்கிறது அங்கே. ‘லைஃப் இன் தி யூகே’ என்று பெயர். 2005 நவம்பரில் ஆரம்பித்தது. குடியுரிமை வேண்டுமென்றால் இதில் தேற வேண்டும். பின்னால் நிரந்தரமாகத் தங்குவதற்கும் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 24 கேள்வி, 45 நிமிஷம், 18 சரியாக இருந்தால் பாஸ். கட்டணம் 50 பவுண்டு. தவறினால் மறுபடியும் 50 கட்டி எழுத வேண்டும். அக்கா எழுதியது 2014-ல். அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. பகலெல்லாம் குழந்தை, ராத்திரி பதினொன்றுக்கு மேல் புத்தகம். எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆறு மனைவிகள் பெயரை வரிசையாக ஒப்பிப்பாள். ஹேஸ்டிங்ஸ் யுத்தம் 1066 என்று அடுப்பு மேடை ஓரத்தில் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். நம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்கே பயந்தவள் அவள்!

“அந்தப் பரீட்சையிலே தோத்தா என்னக்கா ஆகும்னு அப்போ உன்னைக் கேட்டேன். நீ பதில் சொல்லலை” என்றேன். “பதில் தெரியாமத்தான் ராத்திரியெல்லாம் படிச்சேன்” என்றாள்.

2013-ல் அந்தப் பாடப் புத்தகத்தை மாற்றி எழுதினார்கள். அன்றாடம் உபயோகப்படுகிற விஷயங்களைக் குறைத்துச் சரித்திரத்தைக் கூட்டிவிட்டார்கள். தாம் ப்ரூக்ஸ் என்று டர்ஹாம் சர்வகலாசாலையில் ஒரு பேராசிரியர். அமெரிக்காவில் பிறந்து அங்கே குடியேறி, இந்தப் பரீட்சையைத் தானே எழுதித் தேறியவர். அவர் அதே 2013-ல் ஒரு அறிக்கை எழுதி, இது பரீட்சையே இல்லை, மதுக்கடையில் பொழுதுபோக்குக்கு வைக்கிற வினாடி வினாவின் மட்டமான வகை என்று சொல்லிவிட்டார். 2022-ல் பிரபுக்கள் சபையின் ஒரு குழுவும் இதை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இன்னொரு கூத்து கேளுங்கள். 2012-ல் அந்த நாட்டுப் பிரதம மந்திரி டேவிட் கேமரூன் அமெரிக்க டெலிவிஷனில் ஒரு பேட்டிக்குப் போனார். ‘ரூல் பிரிட்டானியா’ பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டதற்குத் தப்பான பேரைச் சொன்னார். மாக்னா கார்ட்டா என்ற வார்த்தைக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்பதற்கும் முழித்தார். பிரதம மந்திரியே பெயில்! அவருக்கு எத்தனை சதவீதம் போடுவது?

ஆனால் அக்கா சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பாடப் புத்தகத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறாராம். சேக் தீன் முகம்மது. வங்காளப் பக்கத்தில் 1759-ல் பிறந்து, கடல் தாண்டிப் போய், அயர்லாந்தில் ஜேன் டாலி என்கிற பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர். 1810-ல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ‘ஹிந்துஸ்தானி காப்பி ஹவுஸ்’ என்று கடை போட்டார். அந்த நாட்டின் முதல் இந்தியச் சாப்பாட்டுக் கடை அது. நாம் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறோமே, அந்தக் கலையை அங்கே கொண்டுபோனவரும் அவரே. ‘ஷாம்பு’ என்கிற வார்த்தையே நம் தேசத்திலிருந்து போனதுதான். “பரீட்சைக்கு அவரைப் படிச்சபோதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நம்ம ஆள் ஒருத்தர் இருநூறு வருஷம் முன்னாடியே இங்கே அடுப்புப் பத்த வச்சுட்டாரேன்னு” என்றாள் அக்கா.

போனைப் பாப்பாவிடம் கொடுத்தேன். தாயும் மகளும் பேசினார்கள். பாப்பா தன் இரண்டு மார்க்கையும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்து, “நாற்பத்து நாலும் முப்பத்தொண்ணும் எழுபத்தஞ்சு. இருபத்துநாலுக்குப் பதினெட்டு எத்தனை பர்சென்ட், கணக்குப் போடு” என்றிருக்கிறாள். பாப்பா விரலை விட்டுக் கணக்குப் போட்டு, “எழுபத்தைந்து” என்றாள். “அதுதான் பாஸ் மார்க். பிரிட்டிஷ் கவர்மெண்டுக்கே அது போதும்” என்றாளாம் அக்கா. பாப்பா எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொன்னாள்.

ஆனால் குழந்தை சிரித்துவிட்டாள் என்று நான் அதோடு விடவில்லை. என் மூத்தவள் கல்லூரியில் மனோதத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். “ஏண்டி, யாரோ முகம் தெரியாதவன் போட்ட மார்க்கை நாம ஏன் நம்பறோம்?” என்று அவளைக் கேட்டேன். அவள் இரண்டு மூன்று விஷயம் சொன்னாள். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

1948-ல் அமெரிக்காவில் ஃபோரர் என்கிற வாத்தியார் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ‘இதுதான் உன் குணம்’ என்று ஒரு காகிதம் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! பிரமாதமாகப் பொருந்துகிறது என்றார்கள். அப்புறம்தான் சொன்னார், எல்லோர் காகிதத்திலும் எழுதியிருந்தது ஒரே வாசகம், கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது! வாரபலன் படித்துவிட்டு ‘அப்படியே என் கதை’ என்று நாம் சொல்கிறோமா இல்லையா? அதேதான்.

அதற்கும் முன்னால் 1933-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 100 மாணவர்களிடம் 84 குணங்களின் பட்டியலைக் கொடுத்து, ஜெர்மானியர், இத்தாலியர், துருக்கியர் என்று பத்து ஜாதி ஜனங்களுக்கு எது எது பொருந்தும் என்று கேட்டார்கள். துருக்கியர் என்றால் கொடூரம் என்று நிறையப் பேர் எழுதினார்கள். துருக்கிக்காரர் ஒருவரையாவது நேரில் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதே சர்வகலாசாலையில் 1951-ல் மறுபடியும் கேட்டபோது, ‘ஒரு தேசத்து ஜனங்களை எல்லாம் ஒரே கூடையில் போடச் சொல்கிறீர்களே’ என்று மாணவர்கள் பலர் முறைத்துக்கொண்டார்களாம்.

2005-ல் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். 49 நாட்டு, கலாசாரத்து ஜனங்கள், ஏறக்குறைய நாலாயிரம் பேரிடம், ‘உங்கள் நாட்டு மனிதர் என்றால் எப்படி இருப்பார்?’ என்று கேட்டார்கள். அந்தந்த நாட்டில் தனித்தனி ஆட்களை அளந்து பார்த்த குணங்களோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப் போகவில்லை. மற்ற நாட்டுக்காரர் சொல்வது இருக்கட்டும், தங்கள் நாட்டாரைப் பற்றித் தாங்கள் சொன்னதே ஒத்துப் போகவில்லை! திருநெல்வேலிக்காரி அல்வா கிண்டுவாள் என்பதும் அந்த வகைதான் என்று நான் உடனே சொன்னேன். மகள், “அம்மா, அது ஆராய்ச்சியிலே இல்லை” என்றாள். இல்லாவிட்டால் என்ன!

இதெல்லாம் குழந்தைகள் விளையாட்டு, இதற்கு இவ்வளவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். 1990-ல் நார்மன் டெபிட் என்கிற பிரிட்டிஷ் அரசியல்வாதி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறினவர்கள் கிரிக்கெட் மாட்ச்சில் எந்தக் கட்சிக்குக் கை தட்டுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று பேசினார். அதுவும் ஒரே கேள்வி உள்ள வினாடி வினாதானே? பாப்பாவின் அப்பாவை, எங்கள் அத்தானை, இன்றைக்கும் ஆபீஸில் யாராவது ஒருவர் மாட்ச் நடக்கிறபோதெல்லாம் சிரித்துக்கொண்டே அதைக் கேட்கிறாராம். அத்தானும் சிரித்துக்கொண்டே “மழை வந்தா நல்லது” என்று சொல்லிவிடுவாராம். சொல்லப் போனால், நம் சட்டம் இந்த விஷயத்தில் தேவலை. 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டார் ஒருவர் இங்கே பல வருஷம் வசித்து விண்ணப்பம் போட்டால், நன்னடத்தை முதலான மற்ற நிபந்தனைகளோடு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷையில் ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்தால் போதும். ரிமோட்டுக்கு உறை போட்டிருக்கிறாயா என்று கேட்பதில்லை.

இன்னொரு விஷயமும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். இந்த மாதிரி வினாடி வினாக்களில் நடுவே நடுவே, உங்கள் முதல் பள்ளிக்கூடம் எது, செல்ல நாயின் பெயர் என்ன, அம்மா பிறந்த ஊர் எது என்று குழைவாகக் கேட்பார்கள். பாங்கி, ஈமெயில் கணக்குகளில் பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்கிற கேள்விகளும் இவையேதான்! ஃபேஸ்புக்கில் ஒரு குணச் சோதனை வினாடி வினாவை 2,70,000 பேர் எழுதப் போய், அவர்கள் சிநேகிதர்கள் விவரமும் சேர்ந்து 8 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் வரை கைமாறியிருக்கலாம் என்று 2018-ல் வெளியே வந்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் என்று அப்போது பேப்பரில் எல்லாம் அமர்க்களப்பட்டதே, அதுதான். நம் நாட்டில் அந்தச் சோதனையை எடுத்தவர்கள் 335 பேர்தானாம். அவர்களால் மாட்டிக்கொண்டிருக்கக் கூடியவர்கள் ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஆகவே மார்க் தெரிய வேண்டுமானால் ‘முதலில் உங்கள் கணக்கில் நுழையுங்கள்’ என்று வந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். பிறந்த தேதி, பள்ளிக்கூடப் பெயர், போன் நம்பர் எதையும் தட்டாதீர்கள். எங்கள் வீட்டில் என் மகன் ஏற்கெனவே தட்டித் தொலைத்திருந்தான். அவன் போனில் எதெது எங்கெங்கே நுழைந்திருக்கிறது என்று மூத்தவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

பாப்பா ஆகஸ்டு கடைசியில் கிளம்பினாள். அதற்குள் ஸ்பூன் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ரசம் சாதத்துக்கு ஸ்பூன், தயிர் சாதத்துக்குக் கை என்று அவளாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. போகிறதற்கு முன்தினம் அவளிடம் நேராகவே சொன்னேன்: “அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு கண்ணு.” அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, “பரவாயில்லை சித்தி, எல்லோரும்தான் சிரித்தார்கள்” என்றாள். சமாதானத்துக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தபோது கேள்வியைப் படித்தது நான் என்பது எனக்குத் தெரியாதா?

விமான நிலையத்தில் பக்கத்து வீட்டு அம்மாளும் இருந்தார். ஆமாம், அதே அம்மாள்தான், இப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். காரில் இடம் இருக்கிறதென்று கூட வந்தார். பாப்பாவின் தலையைத் தடவி, “லண்டன்லே எப்பவும் மழையாமே, குடை எடுத்துக்கிட்டியா?” என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எடுத்துக்கொண்டேன் பாட்டி” என்று அவள் அடக்கமாகப் பதில் சொன்னாள்.

அக்காவுக்கு ஒரு கிலோ அல்வா கொடுத்தனுப்பினேன், ஊரிலிருந்து தம்பியை விட்டு வாங்கி வரச் செய்து. போய்ச் சேர்ந்ததும் அக்கா போனில், “நீயே கிண்டினியா?” என்று கேட்டாள். அவளும் அதே தெருவில் பிறந்தவள்தான்!

ஒரு வேண்டுகோள். திருநெல்வேலிக்காரி என்று இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். தயவு செய்து யாரும் அல்வா செய்முறை கேட்டுக் கடிதம் போட வேண்டாம். தபால் செலவு வீண்.